இரவு சமைக்கும் காலைச் சாப்பாடு

கரிசல் காட்டில் காலைச் சாப்பாடு முந்தின நாள் பொழுதடையும்போதே தொடங்கிவிடுகிறது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் காலையில் வயிற்றுக்குள் போகிறவற்றை எண்ணிப் பார்த்தால் கம்மங்கூழ், பழைய சோறு, இட்லி, பருத்திப்பால், பதநீர் என எல்லாமே இரவு முழுக்க ஏதோ ஒரு பாத்திரத்தில் கிடந்து வந்தவை. கம்மஞ்சோற்று உருண்டை தண்ணீரில் கிடக்கிறது. அரைத்த மாவு பொங்குகிறது. பருத்திவிதை ஊறுகிறது. பனை உச்சியில் கட்டிய கலயத்தில் பாளைச் சாறு சொட்டுகிறது. அடுப்பு அணைந்திருக்கும் அந்த எட்டுப் பத்து மணி நேரத்தில் நடக்கும் வேதிவினைகள்தாம் இந்தச் சாப்பாட்டுக்குப் புளிப்பையும் மணத்தையும் சத்தில் ஒரு பகுதியையும் தருகின்றன. வெளியூர்க்காரருக்கு விருதுநகர் என்றால் எண்ணெய்ப் பரோட்டா. அது விளக்கு வைத்த பிறகு கல்லில் ஏறும் பண்டம், காலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரவிடம் வேலையை ஒப்படைக்கக் காரணம் நிலமும் பிழைப்பும்தான். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கரிசலில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் பருத்தியும் விளைந்தன. வெயில் ஏறுமுன் காட்டு வேலைக்குப் போகவேண்டும். அடுப்புக்குப் பருத்திமாரும் சோளத்தட்டையும்தான், இரண்டும் படபடவென்று எரிந்து தீர்ந்துவிடுபவை. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் உலை கொதிக்கும், அது மாலையில். காலைக்கு எஞ்சியதுதான் உண்டு.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியின் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியும் அதையடுத்துப் பட்டாசும் பெருகியபின் நிலம் மாறவில்லை, பிழைப்பு மாறியது. காலை நேரத்தின் நெருக்கடி மட்டும் அப்படியே தொடர்ந்தது, இன்னும் கூடியது என்றே சொல்லலாம். கிராமம் கிராமமாக ஆள் ஏற்றப் பேருந்து வரும். விடியுமுன் மூன்று, நான்கு மணிக்கே சிறுவர்களை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பேருந்துகளை 1980களின் தொடக்கத்தில் வந்த ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் வேலையைச் சூடு ஏறுமுன் முடிப்பதே பாதுகாப்பு என்பதால் அங்கும் நாள் சீக்கிரம் தொடங்குகிறது. பேருந்து வந்து நிற்கும்போது பாதிச் சாப்பாடு தூக்குச்சட்டிக்குள் போயிருக்கும்.

இந்த வட்டாரத்தின் பழைய காலை உணவு கம்பு. அதன் பிறப்பிடம் ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கேயுள்ள சாகேல் வறள்நிலம். சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன் அங்கே பயிராகி, சில நூற்றாண்டுகளுக்குள் இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியலின்படி 100 கிராம் கம்பில் புரதம் ஏறத்தாழ 11 கிராம், நார்ச்சத்து 11.5 கிராம், இரும்பு 6.4 மில்லிகிராம், கொழுப்பு 5.4 கிராம். தீட்டிய பச்சரிசியில் புரதம் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு, நார் 3 கிராமுக்குள், இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை, கொழுப்பு அரைக் கிராம்.

கம்பின் பெருமையும் சிறுமையும் அந்தக் கடைசி எண்ணில்தான் இருக்கிறது. தானியமாக இருக்கும்வரை கொழுப்பு ஓர் இடத்திலும் கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் நொதி வேறோர் இடத்திலுமாக இருப்பதால் கம்பு ஆண்டுக்கணக்கில் கெடாது. உலக்கை விழுந்து உமியும் முளையும் மாவும் ஒன்றோடொன்று கலந்த நொடியில் நொதிக்குக் கொழுப்பு கிடைத்துவிடுகிறது. கொழுப்பு அமிலங்கள் பிரிந்து, காற்றோடு வினைபுரிந்து, சில நாளில் மாவில் சிக்கு வாடையும் கசப்பும் ஏறிவிடும். அதனால்தான் கம்பு வீடுகளில் மாவு இடித்துச் சேர்த்துவைக்கும் வழக்கமே இல்லை. அன்றன்றைக்குத் தண்ணீர் தெளித்துக் குத்தி, புடைத்து, இடித்தாகவேண்டும். அரிசியிடம் கம்பு தோற்றதற்கு ருசியைக் காரணம் சொல்வோர் உண்டு. தோளை ஒடித்த உலக்கைதான் முதல் காரணம் என்று நினைக்க இந்த லைப்பேஸ் இடம் தருகிறது. இன்று பொட்டலத்தில் விற்கும் கம்பு மாவில், அரைக்குமுன் தானியத்துக்குச் சூடு காட்டி நொதியை முடக்கிவிடுகிறார்கள்.

கம்பைக் காலை உணவாக்கும் வழி இரண்டு. மாவைத் தண்ணீரில் கரைத்து ஓரிரவு புளிக்கவைத்து, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சுவது ஒன்று. கரிசல் வீடுகளில் இன்னொன்றுதான் அதிகம். மாலையில் கம்மஞ்சோறு ஆக்கி, சூடாக இருப்பதை இரவுக்குச் சாப்பிட்டுவிட்டு, மீதியைக் கையகல உருண்டைகளாகப் பிடித்துத் தண்ணீரில் போட்டுவைப்பார்கள். காலையில் அந்தத் தண்ணீரிலேயே உருண்டையை உடைத்து, மோர் விட்டு, உப்புப் போட்டுக் கரைத்தால் கஞ்சி தயார். வெஞ்சனத்துக்குச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், சீனியவரங்காய் வத்தல், மிதுக்க வத்தல், மழைக்காலம் கழிந்து கிடைத்தால் அதலைக்காய்ப் பொரியல்.

பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டு வழிகளுக்கும் வேதியியலில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தானியங்களில் இருக்கும் இரும்பையும் துத்தநாகத்தையும் பைட்டிக் அமிலம் என்ற பொருள் பிடித்து வைத்துக்கொள்கிறது. குடலால் அந்தப் பிடியை எளிதில் விடுவிக்க முடியாது. கம்பில் இரும்பு நிறைய இருந்தும் உடலில் சேர்வது சிறு பங்குதான் என்பதற்கு இதுவே காரணம். பைட்டிக் அமிலத்தை உடைக்கும் பைட்டேஸ் நொதி தானியத்துக்குள்ளேயே இருக்கிறது. மாவு புளித்து அமிலத்தன்மை கூடும்போது அது சுறுசுறுப்படைகிறது. ஆகவே புளிக்கவைத்துப் பிறகு காய்ச்சினால் தானியத்தின் பைட்டேஸுக்கு இரவு முழுக்க வேலை கிடைக்கும். முதலிலேயே சோறாக்கிவிட்டால் கொதிநீரில் அந்த நொதி அழிந்துவிடும். உருண்டை கிடக்கும் தண்ணீரில் நுண்ணுயிர்கள் கொண்டுவரும் நொதி மட்டுமே மிச்சம். இரும்பை மட்டும் கணக்கில் வைத்தால் மாவைப் புளிக்கவைப்பதே மேலான வழி. விறகையும் காலை நேரத்தையும் கணக்கில் வைத்தவர்கள் உருண்டை பிடித்தார்கள்.

ஆனால் உருண்டைக் கஞ்சியோடு வெங்காயம் கடித்தார்கள். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று, தானியத்தோடும் பருப்போடும் வெங்காயமோ பூண்டோ சேரும்போது அவற்றிலுள்ள இரும்பும் துத்தநாகமும் உறிஞ்சப்படத்தக்க வடிவுக்குக் கூடுதலாக வருவதைக் காட்டியது. வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. செரிமானத்தைக் குடுவையில் நடத்திப் பார்த்த சோதனை அது, மனித உடலில் செய்ததன்று. அந்த வரம்போடு எடுத்துக்கொண்டாலும், கம்மங்கஞ்சிக்கு வெங்காயம் தொடுகறி மட்டுமன்று என்று தெரிகிறது.

கம்பின் மேல் ஒரு குற்றச்சாட்டும் உண்டு. சூடானில் கம்பையே முழு உணவாகக் கொண்ட பகுதிகளில் கழுத்துக் கழலை மிகுந்திருந்ததைக் கண்டு ஆராய்ந்தவர்கள், அதிலுள்ள வைடெக்சின் வகை ஃபிளேவனாய்டுகள் தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுப்பதைக் கண்டறிந்தார்கள். அயோடின் குறைந்த நிலமும் அதற்குத் துணைபோயிருந்தது. அயோடின் கலந்த உப்பும் வேறு தானியங்களும் புழங்கும் வீட்டில் காலையில் ஒரு கும்பா கூழ் குடிப்பவருக்கு இந்தக் கவலை வேண்டியதில்லை.

அரிசி இந்த வட்டாரத்துக்கு நெடுங்காலம் விருந்துச் சோறுதான். ரேஷன் கடை அதை அன்றாடமாக்கியது. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த அரிசி 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் வந்தபோது கம்பு குத்தும் உரல்கள் வாசலில் கவிழ்ந்தன. உருண்டை போட்ட பானையில் பழைய சோறு கிடக்கத் தொடங்கியது. முறை ஒன்றுதான்: இரவில் மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி மூடிவைப்பது.

அந்தப் பானைக்குள் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வெந்து விரிந்த மாவுச்சத்தின் அமைலோஸ் சங்கிலிகள் ஆறும்போது மறுபடி நெருங்கிப் படிகமாகக் கட்டிக்கொள்கின்றன. சிறுகுடலின் நொதிகளுக்கு இந்தக் கட்டு எளிதில் அவிழாது. ஆகவே மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கு செரிக்காமலே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு இரையாகிறது. இரண்டாவது, காற்றிலும் பானையிலும் அரிசியிலும் இருந்து வரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிப்பாக்குகின்றன. இந்தப் புளிப்புதான் பானையின் காவல்காரன். ஆக்கிய சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கி உயிரோடிருக்கும். அறை வெப்பத்தில் சோறு சும்மா கிடந்தால் அவை முளைத்து, வாந்தி உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நீரில் மூழ்கி விரைவாகப் புளித்த சோற்றில் அமிலத்தன்மை கூடக்கூட அதன் வளர்ச்சி ஒடுங்கிவிடுகிறது. பழைய சோற்றில் இதமான புளிப்பு வாடை அடிக்கவேண்டும். நூல்போல் இழைந்து கொழகொழத்தாலோ வேறு நாற்றம் அடித்தாலோ காவல்காரன் தோற்றுவிட்டான் என்று பொருள், அதைக் கொட்டிவிடுவதே சரி.

பழைய சோற்றைப் பற்றி உலவும் கதைகளில் ஒன்றை இங்கே நிறுத்திப் பார்க்கவேண்டும். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்பு பன்னிரண்டு மணி நேரம் ஊறியபின் 73.91 மில்லிகிராமாக உயர்கிறது என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பிலும் வார இதழ்களிலும் ஓயாமல் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியா அதை உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. மூடிய பானைக்குள் இரும்பு இருபது மடங்காகவேண்டுமானால் அது வெளியிலிருந்து வந்திருக்கவேண்டும், பானையே இரும்புச் சட்டியாக இருந்தாலொழிய அதற்கு வழியில்லை. நொதித்தல் செய்வது வேறு வேலை: இருக்கும் இரும்பின் கட்டை அவிழ்த்து, உடல் எடுத்துக்கொள்ளும் பங்கைக் கூட்டுகிறது. இதுவே பெரிய காரியம்தான். பாவம், இதைச் சொன்னால் யாரும் பகிர்வதில்லை.

சோற்றை எடுத்தபின் எஞ்சும் நீச்சத்தண்ணிக்குப் பட்டாசு வட்டாரத்தில் தனி மதிப்பு உண்டு. மருந்து கையாளும் அறைகளில் பொதுவாக மின் இணைப்பு வைப்பதில்லை. ஒரு தீப்பொறி போதும் என்ற அச்சம் நியாயமானது. மின்விசிறி இல்லாத அறையில், சித்திரை வெயிலில், உட்கார்ந்த இடத்தில் உடல் நீரையும் உப்பையும் வியர்வையாக இழக்கிறது. சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளிழுக்கும் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து போகும்போது நீரும் பின்னாலேயே போகும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலின் அடிப்படை இதுதான். வங்கதேசத்தில் சர்க்கரைக்குப் பதில் அரிசி மாவை வைத்தும் அந்தக் கரைசலைச் செய்து பயன்கண்டிருக்கிறார்கள். உப்புப் போட்ட நீச்சத்தண்ணி அளந்து செய்த மருந்தன்று. ஆனால் மாவுச்சத்தும் உப்பும் நீரும் சேர்ந்திருப்பதால் வெறும் தண்ணீரைவிட அது உடலில் நிற்கும்.

தூக்குச்சட்டியைத் திறக்குமுன் கை கழுவுவது இந்த ஊரில் சுகாதார உபதேசம் மட்டுமன்று. அலுமினியத் தூளும் கந்தகமும் நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும். பச்சை ஒளிக்காகப் புழங்கிய பேரியம் நைட்ரேட் நீரில் கரையக்கூடியது, வயிற்றுக்குள் போனால் நஞ்சு. பட்டாசில் பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது. கூழைக் கையால் கரைத்து, சோற்றைக் கையால் பிசைந்து உண்ணும் வழக்கத்தில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவாத விரல் அத்தனையையும் வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இட்லி இங்கே ஒரு காலத்தில் தீபாவளிப் பலகாரம். ஆண்டில் அந்த ஒரு நாளிலும், வசதிப்பட்டால் இன்னும் சில விசேஷங்களிலும் மட்டும் ஆட்டுரலில் மாவாட்டிய வீடுகள் கரிசலில் ஏராளம். நாடு முழுமைக்கும் தீபாவளி வெடி செய்து அனுப்பிய ஊர்ப்பக்கத்தில் இட்லியும் அதே நாளுக்காகக் காத்திருந்தது. 1950களில் கோயம்புத்தூரில் பிறந்த மாவரைக்கும் கிரைண்டரும், 2011இல் அரசு வீடுவீடாகக் கொடுத்த விலையில்லாக் கிரைண்டரும், ரேஷன் புழுங்கலரிசியும் சேர்ந்து அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தன. உளுந்துக்கு விருதுநகரைவிட்டு வெளியே போகவேண்டியதே இல்லை. பருப்பும் வத்தலும் எண்ணெயும் கைமாறும் அந்தச் சந்தையின் விலை நிலவரம் நாளிதழ்களில் தனியாக அச்சாகும் அளவுக்குப் பேர்போனது.

மாவு பொங்குவது எப்படி என்பதை 1960களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கீத் ஸ்டெயின்கிராஸ் உள்ளிட்ட குழுவினர் ஆராய்ந்தார்கள். மேலைநாட்டு ரொட்டியை உப்பவைப்பது ஈஸ்ட். இட்லி மாவை உப்பவைப்பது பெரும்பாலும் லூக்கனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியா என்று 1965இல் வெளியான அவர்கள் ஆய்வு காட்டியது. இது சர்க்கரையை உடைக்கும்போது லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவைத் தூக்குகிறது. புளிப்பு ஏறியபின் வேறு பாக்டீரியாக்கள் பொறுப்பேற்றுக்கொள்கின்றன. இந்த உயிர்கள் முக்கியமாக உளுந்தோடு கூடவே வருகின்றன, ஊறும்போதே பெருகத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே மாவு பொங்காததற்குக் கரைத்தவரின் கைராசியைக் குறை சொல்வது அநியாயம். பழைய உளுந்தையும் மார்கழிப் பனியையும் குறை சொல்லலாம். 30 பாகைச் செல்சியஸ் அளவில் செழிக்கும் இந்த உயிர்கள் குளிரில் சுணங்குகின்றன. அக்னி நட்சத்திர நாளில் அதே மாவு நடு இரவிலேயே பாத்திரத்தைத் தாண்டி வழிந்து, விடியும்போது இட்லிக்கு ஆகாமல் தோசைக்குப் போகிறது. அமிலம் மிஞ்சினால் வாயுவைப் பிடித்துவைத்திருக்கும் நுரை உடைந்து மாவு படுத்துவிடுவதே காரணம்.

அந்த நுரையைக் கட்டுவதும் உளுந்துதான். அதன் குளோபுலின் புரதமும், அரபினோகேலக்டன் என்னும் வழுவழுப்பான சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்து ஒவ்வொரு குமிழைச் சுற்றியும் ஒரு மெல்லிய உறை போர்த்துகின்றன. கோதுமை ரொட்டியில் குளூட்டன் செய்யும் வேலையைக் குளூட்டனே இல்லாத மாவில் உளுந்து செய்கிறது. ஆவியில் வாயு விரிந்து, மாவுச்சத்து வெந்து, புரதம் உறைந்து, குமிழ்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. சத்திலும் இந்தக் கூட்டு பொருத்தமானது. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, உளுந்தில் அது தாராளம். உளுந்தில் குறையும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது.

குறையும் இல்லாமலில்லை. நைசாக அரைத்து ஆவியில் வேகவைத்த மாவுச்சத்து விரைவாகக் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் ஏறும். உளுந்தின் புரதமும் புளிப்பும் அந்த வேகத்தைச் சற்று மட்டுப்படுத்துகின்றன. உளுந்தைக் குறைத்துச் சோடாவைக் கூட்டி அரைத்த கடைமாவில் அந்தத் தடையும் தளர்ந்துவிடும். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டிருக்கும்போது இது சின்ன விஷயமன்று. 2023 உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டதிலிருந்து குதிரைவாலி இட்லி உணவகப் பட்டியல்களில் ஏறியிருக்கிறது. குதிரைவாலி இந்த மாவட்டத்தின் சொந்தப் பயிர் என்பதால் அதில் பெருமைப்பட இடமுண்டு. ஆனால் எந்தத் தானியத்தையும் பட்டுபோல் அரைத்தால் அது செரிக்கும் வேகம் கூடத்தான் செய்யும். முழுதாகவோ குருணையாகவோ வெந்த குதிரைவாலிச் சோற்றின் குணத்தை அதன் இட்லியிடம் முழுதாக எதிர்பார்க்க முடியாது.

இட்லிக்கு மிளகாய்ப்பொடி, அதன் நடுவில் குழி பறித்து ஊற்றும் நல்லெண்ணெய். செக்கில் எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டிய எண்ணெய் விருதுநகர்ப் பக்கத்தின் பழைய வாணிகம். எள்ளெண்ணெய் மற்ற எண்ணெய்கள்போல் சீக்கிரம் சிக்கு அடிக்காததற்கு அதிலுள்ள செசமின், செசமோலின், அதிலிருந்து பிறக்கும் செசமால் ஆகியவை காற்றின் ஆக்சிஜனோடு நடக்கும் வினையைத் தடுப்பதே காரணம். கம்பு மாவைக் கெடுக்கும் வினைக்கு எள் தன்னிடமே மாற்று வைத்திருக்கிறது.

பருத்திப்பால் கரிசலின் தனிச்சொத்து. துணிக்காக விளைந்த செடியின் விதை மாட்டுக்குத் தீனி, மிஞ்சியதில் கொஞ்சம் மனிதருக்கு. கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி இந்த மண்ணின் பயிர். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து பல ரகங்களைத் தேர்ந்து வெளியிட்டது. இரவில் ஊறவைத்த விதையை அரைத்து, இரண்டு மூன்று தடவை பால் பிழிந்து, அரைத்த பச்சரிசியும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் தேங்காயும் சேர்த்துக் காய்ச்சினால் கெட்டியான இனிப்புக் கஞ்சி வரும். விதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம், அதே அளவுக்கு எண்ணெயும் இருப்பதால் ஒரு டம்ளர் குடித்தவருக்கு நெடுநேரம் பசி எடுக்காது.

பருத்திவிதைக்குள் கரும்புள்ளிகளாகத் தெரியும் சுரப்பிகளில் காசிபால் என்ற மஞ்சள் நிறப் பொருள் இருக்கிறது. பூச்சிகளை விரட்டச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. சீனாவில் சுத்திகரிக்காத பருத்திவிதை எண்ணெயில் சமைத்துவந்த கிராமங்களில் 1950களில் குழந்தைப் பேறு அற்றுப்போனதிலிருந்து அதன் இன்னொரு முகம் தெரியவந்தது. விந்தணு உற்பத்தியைக் காசிபால் நிறுத்துவதைக் கண்டு 1970களில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்ததாலும், சிலருக்கு இழந்த திறன் மீளாததாலும் அம்முயற்சி கைவிடப்பட்டது. மாட்டின் இரைப்பை காசிபாலைப் பெருமளவு செயலிழக்கச் செய்துவிடும், மனித வயிற்றுக்கு அந்த வசதி இல்லை.

அப்படியானால் பருத்திப்பால்? காசிபால் எண்ணெயில் கரைவதுபோல் நீரில் கரைவதில்லை. அரைத்த சக்கையோடு ஒரு பகுதி வெளியேறிவிடும். கொதிக்கும்போது எஞ்சியதில் பெரும்பகுதி புரதத்தின் லைசினோடு பிணைந்து, குடலால் உறிஞ்ச முடியாத வடிவுக்குப் போய்விடுகிறது. அந்தப் பிணைப்பில் கொஞ்சம் லைசினும் வீணாகும். நன்றாகக் காய்ச்சுவது என்ற பழைய பக்குவம் ருசிக்காக மட்டும் வந்ததன்று என்று கொள்ளலாம். எப்போதாவது ஒரு டம்ளர் என்ற அளவும் நியாயமானதே. விதைப்புக்காகப் பூச்சிமருந்தும் சாயமும் பூசி விற்கும் விதையை எக்காரணம் கொண்டும் இதற்குப் பயன்படுத்தக்கூடாது. அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ரத்தோர் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி, விதையில் மட்டும் காசிபால் மிகக் குறைந்தும் இலையிலும் தண்டிலும் வழக்கம்போல் இருக்குமாறும் ஒரு பருத்தியை மரபணு முறையில் உருவாக்கினார். 2019இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அவ்விதையை மனித உணவாக ஏற்றது. கரிசல்காரருக்குப் பருத்திவிதை உணவு என்பது புதுச்செய்தியாக இருந்திருக்காது.

பதநீர் மட்டும் இந்த வரிசையில் எதிர்த்திசையில் போகிறது. மற்றவற்றில் இரவில் நொதித்தல் நடக்கவேண்டும், பதநீரில் நடக்கவே கூடாது. தை பிறந்து வெயில் முதிரும்வரை, பனையின் சீவிய பாளையிலிருந்து இரவெல்லாம் சொட்டும் சாற்றில் பத்துக்கு மேற்பட்ட விழுக்காடு சர்க்கரை இருக்கும். நுண்ணுயிர்களுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. சும்மா விட்டால் விடியுமுன் கள். அதைத் தடுக்கத்தான் பனையேறி கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுகிறார். கார நிலையில் ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருக முடியாது. இட்லி மாவைத் தூக்கிவிடும் அதே லூக்கனோஸ்டாக் பனஞ்சாற்றிலும் குடியேறும் உயிர்தான். சர்க்கரை மிகுந்த இடத்தில் அது கொழகொழப்பான டெக்ஸ்ட்ரானை உண்டாக்கிச் சாற்றைக் கெடுக்கும். சட்டியில் நண்பனாக இருப்பது கலயத்தில் பகையாகிறது. இறக்கிய பதநீரை வடித்துப் பனையோலைப் பட்டையில் வெறுவயிற்றில் குடிப்பார்கள். மீந்ததைக் காய்ச்சினால் கருப்பட்டி. அதுதான் வரக்காப்பிக்கும் பருத்திப்பாலுக்கும் போகிறது.

வரக்காப்பியின் இடத்தை இப்போது பால் போட்ட டீ பிடித்துக்கொண்டது. பேருந்துக்கு நிற்கும் நேரத்தில் ஒரு டீயும் பன்னும் அல்லது வடையும் காலை உணவாக முடிந்துவிடுவது சாதாரணம். தேயிலையின் டானின் வகைச் சேர்மங்கள் உணவோடு சேர்ந்து உள்ளே போனால், தாவர உணவிலுள்ள இரும்பு உறிஞ்சப்படுவது பாதிக்குமேல் குறையக்கூடும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. கூழோடு டீ குடிப்பதற்கும் கூழ் குடித்து ஒரு மணி நேரம் கழித்து டீ குடிப்பதற்கும் இருக்கும் வித்தியாசம் இந்த எண்ணோடு தொடர்புடையது.

பெற்றோர் விடியலில் கிளம்பிவிடும் வீட்டில் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு வேறொரு சிக்கல். இரவு உணவுக்குப் பிறகு உடல் முக்கியமாகக் கல்லீரலில் சேமித்த கிளைகோஜனைக் கொண்டு ரத்தச் சர்க்கரையை நிலைநிறுத்துகிறது. உடல் எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் மூளை பெரியது, சேமிப்போ சிறியது. காலையில் பட்டினி கிடக்கும் பிள்ளையிடம் அந்தச் சேமிப்பு பெரியவரிடத்தைவிட விரைவில் கரையும்.

விருதுநகருக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்காக வீடுதோறும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்தார்கள். அந்தப் பிடியரிசிப் பள்ளியில் படித்த காமராஜர் முதலமைச்சராகி 1956இல் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். அரசின் பள்ளிக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் முதற்கட்டமாக மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. காமராஜர் பிறந்த நாளான 2024 ஜூலை 15இல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளும் சேர்ந்தன. உறவின்முறைகள் என்னும் சமூக அமைப்புகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த இந்த மாவட்டத்துக்கு அந்த மூன்றாவது தேதி முக்கியமானது.

காலை உணவுத் திட்டத்தின் உணவுப் பட்டியலில் உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார் இருக்கின்றன. தமிழ்நாட்டின் காலை என்றதும் நினைவுக்கு வரும் இட்லி இல்லை. இட்லிக்கு முந்தின இரவு வேண்டும். பள்ளிச் சமையற்கூடத்துக்கு இரவு கிடையாது. மார்கழியில் பொங்காத மாவையும் சித்திரையில் வழியும் மாவையும் நம்பி ஐம்பது பிள்ளைகளுக்கு நேரத்துக்குப் பரிமாற முடியாது. ரவையோ குருணையோ விடிந்தபின் அடுப்பேறி அரைமணியில் வெந்துவிடும். ஆறுமுன் சுடச்சுடப் பரிமாறினால் பேசில்லஸ் சீரியஸ் முளைக்க நேரமும் இருக்காது. பிள்ளைக்கு 50 கிராம் தானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்பது அளவு. ரவையில் குறையும் லைசினைப் பருப்பு ஈடுசெய்கிறது.

வாரத்தில் இரண்டு நாளாவது அந்தந்த வட்டாரத்துச் சிறுதானியத்தைச் சேர்க்கவேண்டும் என்பதும் ஏற்பாடு. அப்படிக் கம்போ குதிரைவாலியோ பள்ளி அண்டாவுக்கு வரும்போது புளிக்காமலே வேகிறது, பைட்டிக் அமிலம் உடையாமல் அப்படியே தங்கிவிடும். இரவு செய்யவேண்டிய வேலையில் ஒரு சிறு பகுதியை அங்கே செய்ய வாய்ப்புள்ளது சாம்பாரில் வேகும் வெங்காயம்தான்.